வகுப்பறைக் கோமாளியும் சனிக்கிரகத்து வெண்புள்ளியும்

தமிழ்ப் பாடசாலை மலரில் ஓர் ஆங்கில நகைச்சுவை நடிகரின் வரலாறு எதற்கு எனப் பெற்றோர் சிலர் வினவக்கூடும். வில் ஹே என்னும் அந்நடிகர் ஒன்றும் அறியாத பள்ளி ஆசிரியராக வேடம் புனைந்தே புகழ் ஈட்டியவர். ஊரிலே சுண்ணக்கட்டி பிடித்த நாம் அவர்மீது சினங்கொள்ள வேண்டியவரே. ஆயினும் அவர் வரலாற்றை அறிந்தபின் எமக்குச் சினம் எழவில்லை.

வில்லியம் தொம்சன் ஹே 1888 டிசம்பர் 6 ஆம் நாள் வடகிழக்கு இங்கிலாந்தின் ஸ்டொக்டன் நகரிற் பிறந்தார். இளமையிற் பொறியியல் பயின்றார். பின்னர் அதனைக் கைவிட்டு மேடையை நாடினார். அவர் சகோதரியார் ஓர் ஆசிரியை. அவர் கூறிய வகுப்பறைக் கதைகளிலிருந்தே அந்த ஆசிரியர் வேடம் பிறந்தது. சதுரத் தொப்பி, மூக்கு நுனியில் நழுவும் கண்ணாடி, கையிற் பிரம்பு. மாணாக்கர் கேட்கும் எளிய வினாவுக்கும் விடை தெரியாது; தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வராது. இத்தகையோர் எந்நாட்டிலும் உளர், பெயர் கூறவேண்டியதில்லை.

1937 இல் வெளிவந்த 'ஓ, மிஸ்டர் போர்ட்டர்!' என்னும் கறுப்பு வெள்ளைப் படமே அவருடைய படங்களுள் தலைசிறந்ததென்பது எம் கருத்து. இதில் அவர் ஆசிரியரல்லர். மைத்துனரின் செல்வாக்கால் வட அயர்லாந்தின் மூலையிலுள்ள பாழடைந்த புகையிரத நிலையத்துக்கு அதிபராக அனுப்பப்படும் ஒருவர். அங்கே அவருக்கு உதவியாளர் இருவர்: பல்லிழந்த கிழவராக மூர் மரியற், பருத்த இளைஞனாக கிரகாம் மொஃபற். பேய்க்கதையை மறைப்பாக்கி ஆயுதங் கடத்துவோரை இம்மூவரும் கிளாட்ஸ்டன் என்னும் பழம் இயந்திரத்தைக் கொண்டு பிடிக்கின்றனர். படம் பிடிக்கப்பட்ட இடமோ அயர்லாந்தன்று. தென் இங்கிலாந்தில், பயணிகள் சேவை முன்னரே நின்றுபோன கிளிடெஸ்டன் நிலையம்.

அறியாமையை நடித்துப் பொருளீட்டிய இம்மனிதர் இரவுகளில் செய்தது வேறு. தென் இலண்டனின் நோர்பரியில், தம் வீட்டுத் தோட்டத்தில் வானாய்வுக் கூடம் அமைத்து, 6 அங்குலத் தொலைநோக்கியினூடே கோள்களை நோக்கினார். நேரத்தைப் பதியுங் கருவியையும் தாமே செய்தார். கைவிட்ட பொறியியல் இங்கே கைகொடுத்தது போலும். 1932 இல் அரச வானியற் கழகத்தின் உறுப்பினரானார்.

1933 ஆகஸ்ட் 3 ஆம் நாளிரவு, சனிக்கிரகத்தின் நடுக்கோட்டருகே முன்பில்லாத வெண்புள்ளி ஒன்று அவர் கண்ணிற் பட்டது. சுமார் 130 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் எழுந்த பெரும் புயல் அது. கோமாளி ஒருவன் விண்ணிற் புதுமை கண்டேன் என்றால் யார் நம்புவர்? அவர் உடனே வானியலாளர் ஸ்டீவன்சனுக்குத் தொலைபேசியில் அறிவித்தார். அவரும் நோக்கி உறுதிசெய்தார். மேடைப் புகழை இத்துறைக்குள் இழுத்துவர ஹே விரும்பியதில்லை. 1935 இல் வெளியிட்ட வானியல் நூலிலும் டபிள்யூ. ரி. ஹே என்றே பெயர் இட்டார். வேடிக்கை பார்க்க அன்றி, கற்க வருவோருக்காக எழுதப்பட்ட நூல் அது.

இரண்டாம் உலகப் போரின்போது கடற்படைத் தன்னார்வப் பிரிவிற் சேர்ந்து, வானியலும் கடல்வழி அறிதலும் கற்பித்தார். ஆயிரம் மேடைகளிற் பொய்யாசிரியராக நின்றவர் முன்னே மெய்யான மாணாக்கர் அமர்ந்திருந்தனர். அவ்வகுப்பில் ஒருநாள் பின்வாங்கில் இருக்க எமக்கு ஆசை.

'மை லேர்னட் பிரெண்ட்' (1943) அவரது இறுதிப் படம். நோய்வாய்ப்பட்டுப் பின்னர் பக்கவாதமும் தாக்க, 1949 ஏப்ரல் 18 ஆம் நாள் இலண்டனிற் காலமானார்.

சனி ஞாயிற்றை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டுகள் ஆகும். ஏறக்குறைய அக்கால இடைவெளியில் அப்பெரும் புயலும் மீண்டும் எழுகின்றது. 1960 இலும் 1990 இலும் கண்டனர். 2010 டிசம்பரில் முந்திக்கொண்டு எழுந்தபோது காசினி விண்கலம் சனியை அருகிருந்தே சுற்றிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உலவும் 3125 ஆம் எண் சிறுகோளுக்கு ஹே என்று பெயர்.