நில அளவைக் கருவிமீது பாய்ந்த புலி

சிங்கப்பூரின் பழைய சாலைகள் பலவற்றுக்கு வழி குறித்துக் கொடுத்தவர் ஜார்ஜ் டிரம்கூல் கோல்மேன். 1835ஆம் ஆண்டு அப்படி வழி குறிக்கக் காட்டுக்குள் சென்ற ஒரு நாளில் அவரது உயிரே போயிருக்கக்கூடும். அவருடன் இருந்த இந்தியக் கைதிகளின் உயிரும்தான்.

அயர்லாந்தில் 1795ல் பிறந்த கோல்மேன், 20 வயதில் கல்கத்தாவுக்கு வந்து வணிகர்களுக்கு வீடுகள் வடிவமைத்தார். 1822ல் சிங்கப்பூர் வந்தவர், இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றில் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்சுக்கு வீடு அமைத்துக் கொடுத்தார். பிறகு ஜாவா சென்று, 1826ல் திரும்பினார். 1829ல் தீவின் நில அளவைப் பணியில் இறங்கினார். 1833ல் பொதுப்பணிக் கண்காணிப்பாளர் ஆனார். கைதிகளை வேலை வாங்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது.

அந்தக் கைதிகளில் முதல் 80 பேர் மதராசிலிருந்து நாடுகடத்தப்பட்டு, பென்கூலன் வழியாக 1825 ஏப்ரலில் இங்கு வந்தவர்கள். அடுத்து வங்காளத்திலிருந்து நாடுகடத்தப்பட்டவர்கள் வந்தனர். சதுப்பு நிலத்தை மேடாக்கியதும் காட்டை வெட்டியதும் இவர்களே. மாரியம்மன் கோயில் அமைந்துள்ள சவுத் பிரிட்ஜ் ரோடும், ஆற்றுக்கு அப்பாலுள்ள நார்த் பிரிட்ஜ் ரோடும் கோல்மேன் மேற்பார்வையில் இவர்கள் போட்டவை.

நகர எல்லையைத் தாண்டினால் அடர்ந்த காடு. 1835ல் அங்கே கோல்மேனின் குழு புதிய சாலைக்காக அளவெடுத்துக்கொண்டிருந்தது. திடீரெனப் புதரிலிருந்து புலி ஒன்று பாய்ந்தது. அது மோதியது மூன்று கால்களில் நின்ற தியோடோலைட் கருவிமீது. கருவி கீழே விழுந்து சேதமடைந்தது. புலி காட்டுக்குள் ஓடி மறைந்தது. ஒருவருக்கும் காயமில்லை.

ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பிறகு ஜெர்மானிய ஓவியர் ஹைன்ரிக் லாய்ட்டமன் இந்த நிகழ்வைப் படமாக வரைந்தார். சரியும் கருவியும் நிலைகுலைந்து விழும் தொழிலாளர்களும் அதில் உண்டு. கோல்மேனின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. விழுந்தவர்களின் பெயர்களை யாரும் சொல்வதில்லை.

அன்று அவர்களைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம்தான். அந்த அதிர்ஷ்டம் எல்லாருக்கும் வாய்க்கவில்லை. காட்டை அழித்துக் கேம்பியர், மிளகுத் தோட்டங்கள் போடப்போட, புலிகளிடம் சிக்கி இறந்த கூலித் தொழிலாளர்கள் பெருகினர். நாளுக்கு ஒருவர் பலியாவதாக அக்காலத்தில் பேசப்பட்டது. ஆள் கிடைக்காமல் போகும் என்று அஞ்சிய முதலாளிகள் சில மரணங்களை மறைத்ததும் உண்டு. அரசாங்கம் புலியைக் கொல்வோருக்குப் பரிசு அறிவித்தது, பொறிக்குழிகள் வெட்டப்பட்டன. பின்னாளில் கைதிகளின் குழுக்களே புலி வேட்டைக்கு அனுப்பப்பட்டன.

கோல்மேன் தொடர்ந்து கட்டினார். ஹில் ஸ்திரீட்டில் உள்ள ஆர்மீனியத் தேவாலயம், இன்றைய சைம்ஸ் வளாகத்தில் உள்ள கால்டுவெல் இல்லம் ஆகியவை அவர் கைவண்ணம். 1841ல் ஐரோப்பா சென்று மணமுடித்து, 1843 இறுதியில் திரும்பினார். புலியிடம் தப்பியவரைக் காய்ச்சல் விடவில்லை. 1844 மார்ச் 27ல் காலமானார். ஃபோர்ட் கேனிங் குன்றில் அடக்கம் செய்யப்பட்டார்.

சிங்கப்பூரில் கடைசிக் காட்டுப் புலி 1930ல் சுவா சூ காங் பகுதியில் சுடப்பட்டது. ஆனால் விலங்குகள் எல்லாம் போய்விடவில்லை. 2021ல் பொங்கோல் வட்டாரத்தில் காட்டுப்பன்றி தாக்கிச் சிலர் காயமடைந்தனர். புலாவ் உபினில் கூடாரம் அடிக்கும் குடும்பங்களும் காட்டுப்பன்றிகளைப் பார்க்கின்றன.

அன்றைய கைதிகளுக்குப் போகமாட்டேன் என்று சொல்ல வழியில்லை. இன்று பொழுதுபோக்காகச் செல்வோர் ஆயத்தமாகச் செல்லலாம். உணவை இறுக மூடிப் பைக்குள் வையுங்கள், மிச்சத்தைக் கூடாரத்தருகே போடாதீர்கள். இருட்டியபின் தனியாக நடக்க வேண்டாம், கைவிளக்கு அவசியம். பன்றி எதிர்ப்பட்டால் பதறி ஓடாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். குட்டிகளுடன் இருந்தால் கிட்டவே போகாதீர்கள். அது தப்பிப்போக வழிவிட்டு நில்லுங்கள். குரங்குகளுக்குத் தீனி கொடுக்காதீர்கள், மலைப்பாம்பைத் தொட முயலாதீர்கள்.

பாயும் விலங்குக்கும் நமக்கும் நடுவே ஒரு தியோடோலைட் எப்போதும் இருக்காது.