பிஸ்மார்க்கும் முதியோர் பென்ஷனும்

ஒரு காரியத்தைச் செய்தவனுடைய நோக்கம் ஒன்றாகவும், அக்காரியம் உலகத்துக்கு அளித்த பலன் வேறொன்றாகவும் முடிவது சரித்திரத்தில் புதிதன்று. அதற்குத் தலையாய உதாரணம் ஜெர்மானிய ராஜதந்திரி பிஸ்மார்க்கின் வாழ்க்கை. அவர் ஜனநாயகத்தை வெறுத்தவர். பார்லிமெண்ட்டை இடையூறாகக் கருதியவர். தொழிலாளர் கட்சியை வேரோடு பிடுங்கி எறிய முயன்றவர். ஆயினும், உழைத்து ஓய்ந்த தொழிலாளியின் முதுமைக்குத் தேசமே வழி செய்யவேண்டும் என்பதை, தேச முழுவதற்குமான கட்டாயச் சட்டமாக உலகில் முதன் முதலாகச் செய்து வைத்தவரும் அவரே.

அத்தகைய பொது ஏற்பாட்டைக் கலைத்துவிட்டு, ஒவ்வொருவரும் தம் தம் பேரில் ஒரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொண்டு முதுமையைத் தாமே பார்த்துக்கொள்ளட்டும் என்னும் வாதம் இன்று பல தேசங்களில் வலுத்திருக்கிறது. அவ்வாதத்தை எடைபோட விரும்பும் தேச ஊழியர்கள் பிஸ்மார்க்கின் வரலாற்றையும், அவர் மறைந்த பின்னர் அவருடைய சட்டம் அடைந்த கதியையும் அறிந்துகொள்வது அவசியம்.

பிறப்பும் உயர்வும்

ஓட்டோ வான் பிஸ்மார்க் 1815-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ந் தேதி, பிரஷ்யாவைச் சேர்ந்த ஷோன்ஹௌஸன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை நிலப்பிரபு, தாய் உத்தியோகஸ்தர் குடும்பத்தைச் சேர்ந்தவர். கோட்டிங்கன், பெர்லின் சர்வகலாசாலைகளில் சட்டம் பயின்று, சர்க்கார் உத்தியோகத்தில் அமர்ந்தார். மேலதிகாரிகளுக்கு அடங்கி நடப்பது அவருக்கு ஒவ்வவில்லை. உத்தியோகத்தை உதறிவிட்டுத் தம் பண்ணைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1847-ல் பிரஷ்ய சட்டசபையில் இடம்பெற்றது முதல் அவருடைய அரசியல் வாழ்வு தொடங்கிற்று. பிராங்க்பர்ட்டிலும், பின்னர் ருஷ்யாவிலும் பிரான்ஸிலும் பிரஷ்யாவின் பிரதிநிதியாக இருந்து, 1862-ல் பிரதம மந்திரியானார். 1864-ல் டென்மார்க்கையும், 1866-ல் ஆஸ்திரியாவையும், 1870-ல் தொடங்கிய யுத்தத்தில் பிரான்ஸையும் வென்று, 1871-ம் வருஷம் ஜனவரி மாதம் 18-ந் தேதி வெர்ஸேல்ஸ் அரண்மனையில் ஜெர்மன் சாம்ராஜ்யத்தைப் பிரகடனம் செய்வித்தார். சிதறிக் கிடந்த ராஜ்யங்களை ஒன்று சேர்த்த பெருமை அவருக்குண்டு. போலிஷ் மக்களை அடக்கியதும், ஆப்பிரிக்கக் கண்டத்தை ஐரோப்பிய வல்லரசுகள் பங்கிட்டுக்கொள்ள 1884-ல் பெர்லினில் மாநாடு கூட்டியதும் அவர்தாம். அந்நிய ஆதிக்கத்தின் கொடுமையை அறிந்த நாம் இதை மறப்பதற்கில்லை.

அடக்குமுறையும் சலுகையும்

புதிய ஜெர்மனியில் ஆலைகள் பெருகின. கிராமங்களை விட்டு ஜனங்கள் நகரங்களுக்கு வந்து குவிந்தனர். கிராமத்தில் முதியவனுக்கு ஒரு மூலையும் ஒரு கவளமும் கிடைக்கும். நகரத்து வாடகை அறையில் கை ஓய்ந்தவனுக்குத் தர்மச் சோறே கதி. அந்தத் தர்மத்தைப் பெற்றவன் ஓட்டுரிமையையும் இழந்தான். சோஷலிஸ்டுகள் எனப்படும் அபேதவாதிகளின் கட்சி இத்தொழிலாளரிடையே வளர்ந்தது. 1877-ம் வருஷத் தேர்தலில் அக்கட்சிக்கு ஏறக்குறைய 5 லட்சம் ஓட்டுக்கள் கிடைத்தன.

1878-ல் சக்கரவர்த்தி வில்லியத்தின்மீது இருமுறை கொலை முயற்சி நடந்தது. கட்சிக்கும் அக்குற்றங்களுக்கும் தொடர்பு நிரூபிக்கப்படாதிருந்தும், பிஸ்மார்க் அதைச் சாக்காகக் கொண்டு அபேதவாதிகளுக்கு எதிரான சட்டத்தை அக்டோபர் மாதத்தில் நிறைவேற்றினார். சங்கங்கள் கலைக்கப்பட்டன, பத்திரிகைகள் மூடப்பட்டன, ஊழியர்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டனர்.

தடியால் மட்டும் ஒரு கொள்கையைக் கொல்ல முடியாது என்பதை அவர் விரைவிலேயே உணர்ந்தார். பென்ஷனை எதிர்நோக்கும் மனிதன் ராஜாங்கத்தைக் கவிழ்க்க விரும்பமாட்டான் என்பது அவர் போட்ட கணக்கு. 1881-ம் வருஷம் நவம்பர் மாதம் 17-ந் தேதி சக்கரவர்த்தியின் செய்தியொன்றைப் பிஸ்மார்க்கே பார்லிமெண்ட்டில் வாசித்தார். நோய், விபத்து, முதுமை ஆகிய மூன்று துன்பங்களிலிருந்தும் தொழிலாளியைக் காக்கும் திட்டம் அதில் அறிவிக்கப்பட்டது. 1883-ல் நோய் இன்ஷூரன்ஸும், 1884-ல் விபத்து இன்ஷூரன்ஸும் சட்டமாயின. மூன்றாவதும் முக்கியமானதுமான முதுமைச் சட்டத்துக்கு மேலும் ஐந்து வருஷங்கள் பிடித்தன.

சேமிப்பா, பொதுநிதியா?

அன்று எழுந்த எதிர்ப்பு, இன்று நாம் கேட்கும் அதே வாதந்தான். மனிதன் தன் முயற்சியாலும் சிக்கனத்தாலும் உயரவேண்டும். சர்க்கார் கை கொடுத்தால் அவன் சோம்பேறியாவான் என்றனர் மிதவாதிகள். கூட்டுறவுப் பாங்குகளை நிறுவிப் பெரும்புகழ் பெற்ற ஷூல்ஸே டெலிட்ஷ் சுய உதவியே மருந்தென்று போதித்து வந்தார். லுட்விக் பாம்பெர்கர் பார்லிமெண்ட்டில் சர்க்கார் இன்ஷூரன்ஸை விடாது எதிர்த்தார். அவர்கள் நேர்மையானவர்களே. ஆனால் வாரக்கூலி வாரச் செலவுக்கே போதாதவன் எதைச் சேமிப்பான் என்னும் கேள்விக்கு அவர்களிடம் விடையில்லை. பல வருஷம் சேமித்த பணம் ஒரு நோயிலோ ஒரு வேலையின்மையிலோ கரைந்துவிட்டால், முதுமைக்கு என்ன மிஞ்சும் என்பதற்கும் விடையில்லை.

அபேதவாதிகளும் மசோதாவை எதிர்த்தே ஓட்டளித்தனர். தொகை அற்பமானது, சுதந்திரத்தைப் பறித்துவிட்டுக் கொடுக்கும் கூலி இது என்பது அவர்கள் கட்சி. 1889-ம் வருஷம் மே மாதத்தில் 185 ஓட்டுக்கள் சாதகமாகவும் 165 எதிராகவும் விழுந்து மசோதா நிறைவேறிற்று. 20 ஓட்டுக்கள் மாத்திரமே அதிகம்.

சட்டத்தின் அமைப்பைக் கவனிப்போம். தொழிலாளி ஒவ்வொருவனுக்கும் ஓர் அட்டை கொடுக்கப்பட்டது. கூலியின் தரத்துக்கேற்ப வாரத்துக்கு 14, 20, 24 அல்லது 30 பென்னிக் பெறுமானமுள்ள ஸ்டாம்பு அதில் ஒட்டப்படும். அதன் விலையில் பாதி தொழிலாளியின் கூலியிலிருந்தும், பாதி முதலாளியின் கையிலிருந்தும் வரவேண்டும். பென்ஷன் ஒவ்வொன்றுக்கும் வருஷத்துக்கு 50 மார்க் சர்க்கார் தன் பங்காகச் சேர்க்கும். 70 வயது நிறைந்தவர்களுக்கு முதியோர் பென்ஷன். அதற்கு முன்னரே உடல் தளர்ந்து உழைக்க இயலாமற் போனவர்களுக்கு இயலாமைப் பென்ஷன். 1891-ம் வருஷம் ஜனவரி மாதம் 1-ந் தேதி இது அமுலுக்கு வந்தது.

பார்ப்பதற்கு அந்த அட்டை சேமிப்புப் பாங்கின் பாஸ் புஸ்தகம் போலவே இருந்தது. வேற்றுமை மிகப் பெரிது. பாஸ் புஸ்தகத்தில் இருப்பது ஒருவனுடைய பணம். அது தீர்ந்தால் அவன் கதியும் தீர்ந்தது. ஸ்டாம்பு அட்டையில் இருந்தது ஒருவனுடைய உரிமை. பணம் எல்லோருக்கும் பொதுவான நிதியில் சேர்ந்தது. 40 வயதில் கை முறிந்தவனுக்கும், 90 வயது வரை உயிர் வாழ்ந்தவனுக்கும் அந்நிதியே பொறுப்பேற்றது.

இதில் குறைகளும் இருந்தன. 70 வயது வரை உயிரோடிருந்த தொழிலாளர் மிகச் சிலரே. ஆதலால் நாளடைவில் இயலாமைப் பென்ஷனே பெரும்பாலோருக்குப் பயன்பட்டது. பிஸ்மார்க் தம் வயதைக் கொண்டு 65 என்று நிர்ணயித்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. அது பொய். அவர் வைத்தது 70. அப்போது அவருக்கு வயது 74. அது 65 ஆகக் குறைந்தது 1916-ல். விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் 1911-ம் வருஷச் சட்டமே வழி செய்தது.

வீழ்ச்சி

பிஸ்மார்க்கின் கணக்கு பொய்த்தது. பென்ஷன் சட்டம் நிறைவேறிய மறு வருஷமே, 1890 பிப்ரவரித் தேர்தலில், அபேதவாதிகள் 14 லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டுக்களைப் பெற்றனர். வேறெந்தக் கட்சிக்கும் அவ்வளவு ஓட்டுக்கள் கிடைக்கவில்லை. பென்ஷனை ஏற்றுக்கொண்ட தொழிலாளி, தன் மனச்சாட்சியை விற்க மறுத்துவிட்டான். மார்ச்சு மாதத்தில் இளஞ்சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியம் கிழவரைப் பதவியினின்று விலக்கினார். செப்டெம்பரில் அடக்குமுறைச் சட்டமும் காலாவதியாயிற்று. எட்டு வருஷங்கள் மனக்கசப்போடு வாழ்ந்து, 1898-ம் வருஷம் ஜூலை மாதம் 30-ந் தேதி பிரெட்ரிக்ஸ்ரூவில் தமது 83-வது வயதில் அவர் காலமானார்.

அடக்குமுறைச் சட்டம் அழிந்தது. பென்ஷன் சட்டம் நிலைத்தது. இன்ஷூரன்ஸ் ஸ்தாபனங்களின் நிர்வாகத்தில் தொழிலாளர் பிரதிநிதிகள் இடம் பெற்றனர். எவர்களை ஒழிக்க அவர் எண்ணினாரோ, அவர்களே அவற்றில் நிர்வாகப் பயிற்சி பெற்றார்கள். மேலிருந்து எறியப்பட்ட சலுகையை ஜனங்கள் தங்கள் உரிமையாக மாற்றிக்கொண்டனர்.

இரண்டு சோதனைகள்

அந்த உரிமையின் பலம் 1923-ல் தெரிந்தது. முதல் உலக யுத்தத்துக்குமுன் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். ஆயுள் முழுவதும் சிக்கனமாக வாழ்ந்து, பாங்கிலும் கடன் பத்திரங்களிலும் பணம் சேர்த்து, வட்டியில் முதுமையைக் கழிக்கலாமென்றிருந்த நடுத்தர வகுப்பினர் ஒரே வருஷத்தில் ஆண்டியானார்கள். ஒருவரிடமும் கையேந்தாதவர்கள் நகரசபையின் உதவிப் பணத்துக்கு வரிசையில் நின்றனர். பென்ஷன் நிதியின் சேமிப்பும் அதே வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயிற்று. ஆனால் பென்ஷன் முறை சாகவில்லை. புதிய நாணயம் வந்ததும், உழைப்பவர்கள் செலுத்திய சந்தாவைக் கொண்டு ஓய்ந்தவர்களுக்குப் பென்ஷன் கொடுக்கப்பட்டது. பெட்டி காலியானபோதும் உரிமை காலியாகவில்லை.

இரண்டாம் யுத்தத்துக்குப் பின் இதே பாடம் மீண்டும் கிடைத்தது. 1948 ஜூன் மாதம் மேற்கு ஜெர்மனியில் நாணயம் மாற்றப்பட்டபோது, பாங்குச் சேமிப்பில் 100 பழைய மார்க்குக்கு முடிவில் கிடைத்தது 6.5 புதிய மார்க்கு. பென்ஷனோ ஒன்றுக்கு ஒன்றாகவே மாற்றப்பட்டது. 1957-ல் அடினார் சர்க்கார், கூலி உயரும்போது பென்ஷனும் உயரும்படி சட்டத்தைத் திருத்திற்று.

கணக்குப் புஸ்தகத்தின் ஆட்சி

தென் அமெரிக்காவில் சிலி தேசம் 1924-ல் ஜெர்மன் முறையைப் பின்பற்றித் தொழிலாளர் இன்ஷூரன்ஸை ஏற்படுத்திற்று. 1973-ல் ஆட்சியைப் பறித்த தளபதி பினோஷேயின் ராணுவ சர்க்கார், 1980-ல் ஒரு கட்டளைச் சட்டத்தால் அப்பொது முறையை மாற்றிற்று. 1981 முதல் தொழிலாளி தன் கூலியில் 10 சதவிகிதத்தைத் தனியார் கம்பெனி நடத்தும் தன் சொந்தக் கணக்கில் போட்டுவர வேண்டும். முதலாளியின் பங்கு நீக்கப்பட்டது. இவ்வளவு நல்ல முறையென்று புகழப்பட்ட இதிலிருந்து ராணுவத்தார் மட்டும் விலக்குப் பெற்றுப் பழைய பென்ஷனையே வைத்துக்கொண்டனர். சுதந்திரமான சட்டசபை இல்லாத காலத்தில் இம்மாறுதல் நடந்தது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

மூலதனச் சந்தை வளர்ந்தது உண்மை. ஆனால் நிரந்தர வேலையில்லாதவர்களுக்கும், குழந்தை வளர்ப்பதற்காக வேலையை விட்ட பெண்களுக்கும் கணக்கில் சேர்ந்த தொகை சொற்பமாகவே இருந்தது. 2008-ல் பொதுப் பணத்திலிருந்து ஏழை முதியோருக்கு உதவித் தொகை கொடுக்க நேர்ந்தது. 2025-ல் நிறைவேறிய சட்டத்தால் முதலாளிகளின் பங்கு படிப்படியாகத் திரும்பி வருகிறது. 1994-ல் தனிக் கணக்குகளை ஏற்ற அர்ஜெண்டினா, 2008-ல் அவற்றைக் கலைத்துப் பொது முறைக்கே திரும்பிற்று.

நம் தேசத்திலும் 2004-ம் வருஷம் ஜனவரி 1 முதல் மத்திய சர்க்கார் வேலையில் புதிதாகச் சேர்ந்தோருக்கு நிச்சயப் பென்ஷன் நீங்கித் தனிக்கணக்கு வந்தது. இங்கும் ராணுவத்தாருக்கு விலக்குண்டு. உத்தியோகஸ்தர்களின் இடைவிடாத கிளர்ச்சிக்குப் பின், 25 வருஷம் ஊழியம் செய்தோருக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதியை உறுதி செய்யும் ஒரு திட்டத்தை, விரும்புவோர் தேர்ந்துகொள்ளும்படி, 2025 ஏப்ரல் 1 முதல் சர்க்காரே கொண்டு வந்தது.

முடிவு

பொதுநிதிக்கு ஆபத்தே இல்லை என்பது நம் வாதமன்று. முதியோர் பெருகி இளைஞர் குறைந்தால் சுமை கூடும். ஜெர்மனி இதனால் ஓய்வு வயதை 67-க்குப் படிப்படியாக உயர்த்தி வருகிறது. நிதியின்மீது சர்க்கார் கை வைக்கும் அபாயமும் உண்டு. முதல் யுத்த காலத்தில் இன்ஷூரன்ஸ் நிதிகள் யுத்தக் கடன் பத்திரங்களில் போடப்பட்டன. இவற்றுக்குப் பரிகாரம் நேர்மையான கணக்கும், ஜனப் பிரதிநிதிகளின் காவலுமே. சேமிப்பும் நல்லதே; இயன்றவர் சேமிக்கட்டும். ஆனால் சேமிப்பு பென்ஷனுக்குத் துணையாக நிற்கலாமேயன்றி, அதன் இடத்தைப் பிடிக்கலாகாது. விலைவாசியும் சந்தையும் நோயும் நீண்ட ஆயுளும் ஒருவனைத் தனியாக எதிர்த்தால் அவன் தோற்பான். ஒரு தேசமாகச் சேர்ந்து நின்றால் அவற்றைத் தாங்கலாம்.

பிஸ்மார்க் பென்ஷனைக் கொடுத்தது தொழிலாளியை விலைக்கு வாங்க. தொழிலாளி பென்ஷனையும் பெற்றான், விலைபோகவும் மறுத்தான். வல்லந்தமாக ஆண்ட ஒரு மந்திரியிடமிருந்தே பெற முடிந்த உரிமையை, ஓட்டுரிமையுள்ள ஜனங்கள் ஒரு பாஸ் புஸ்தகத்துக்கு ஈடாக இழப்பார்களாயின், அதைவிடப் பேதைமை வேறில்லை.