ஏழை மழலையரின் ஆற்றலை உலகிற்குக் காட்டிய மரியா மாண்டிசோரி அம்மையார்

படிப்பு ஏறாது என்னும் சொல்லைக் கேளாமல் வளர்ந்தவர் நம் தெருக்களில் மிகச் சிலரே. ஒன்றாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த சில திங்களிலேயே அச்சொல் குழந்தையின் தலைமேல் விழுகிறது. பின்னர் அதுவே தலையெழுத்தாகவும் ஆகிவிடுகிறது. முப்பதாண்டுக் காலம் அரசுப் பள்ளியில் பணியாற்றிய நாமும், பணியேற்ற புதிதில், கூலித் தொழிலாளி ஒருவரின் மகனைப் பற்றி அச்சொல்லைக் கூறியதுண்டு. அதனை எண்ணி இன்றும் நாணுகிறோம். அச்சொல் பொய்யென்பதை ஒரு நூற்றாண்டிற்கு முன்னரே, ஏழைக் குழந்தைகளைக் கொண்டே மெய்ப்பித்த பெருமாட்டி ஒருவரின் வரலாற்றை நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் எழுதுவது பொருத்தமெனக் கருதுகிறோம்.

மரியா மாண்டிசோரி அம்மையார் இத்தாலி நாட்டின் கியாரவாலே என்னும் ஊரில், கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில், 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் பிறந்தார். தந்தையார் அரசு அலுவலர். தாயார் நூல்களை விரும்பிக் கற்றவர். பெண்கள் உயர்கல்வி பெறுதல் அரிதாயிருந்த அந்நாளில், மரியா மருத்துவம் பயில விழைந்தார். தந்தையார் உடன்படவில்லை. கல்லூரியில் சேர்ந்த பின்னரும் இடர் நீங்கவில்லை. ஆடவருடன் இருந்து பிணத்தை அறுத்துப் பயிலுதல் பெண்ணுக்குத் தகாது என்றனர். ஆகவே, மற்றவர் வீடு திரும்பிய பின்னர், அவர் மட்டும் தனியே அறுவைக் கூடத்தில் பயில நேர்ந்தது. 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். ஒதுக்கிவைக்கப்படுவதன் கசப்பை அம்மையார் ஏட்டில் கற்கவில்லை, வாழ்வில் கற்றார்.

மருத்துவராய் அவர் கண்ட காட்சி ஒன்று அவர்தம் வாழ்வையே திருப்பியது. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள், மனநோயாளர் விடுதியில், கையால் தொட்டு விளையாட ஒரு பொருளுமின்றி அடைபட்டுக் கிடந்தனர். இவர்களுக்கு வேண்டுவது மருந்தன்று, கல்வியே என அவர் உணர்ந்தார். இதார், செகேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவரின் நூல்களை ஆழ்ந்து பயின்றார். 1900இல் தொடங்கப்பெற்ற பயிற்சிப் பள்ளியில் அக்குழந்தைகளுக்குத் தாமே கற்பித்தார். அவர்களுட் சிலர் பிற குழந்தைகளுக்குரிய பொதுத் தேர்விலும் தேறினர். ஊரார் வியந்தனர். அம்மையாரோ வேறொன்றை எண்ணினார். குறையுடைய குழந்தைகள் இவ்வளவு உயர இயலுமாயின், குறையற்ற குழந்தைகளைப் பள்ளிகள் எவ்வளவு தாழ்த்தி வைத்துள்ளன என்பதே அவ்வெண்ணம்.

இதனிடையே அவர்தம் சொந்த வாழ்வில் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. 1898இல், மணமாகாத நிலையில், மாரியோ என்னும் மகன் பிறந்தான். உலகப் பழிக்கு அஞ்சி அவனை நாட்டுப்புறத்தில் பிறரிடம் வளர்க்க நேர்ந்தது. ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் தாயானவர், தம் குழந்தையைப் பல்லாண்டு பிரிந்திருந்தார்.

ரோம் நகரில் சான் லோரன்சோ என்பது வறியோர் வாழ்ந்த பகுதி. பெற்றோர் வேலைக்குச் சென்றபின், குழந்தைகள் கேட்பாரற்றுத் திரிந்தனர். புதுப்பித்த குடியிருப்பின் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். சுவரைக் காக்க எண்ணிய கட்டட நிறுவனத்தார், குழந்தைகளை ஓரறையில் அமர்த்தி மேற்பார்வையிட அம்மையாரை அழைத்தனர். 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், ஏறத்தாழ 50 குழந்தைகளுடன் குழந்தைகள் இல்லம் பிறந்தது. சுவரைக் காக்கத் தொடங்கிய முயற்சி, கல்வி வரலாற்றில் ஒரு திருப்பமாயிற்று.

அவ்வறையில் நிகழ்ந்தவை யாவை? குழந்தைகள் கைக்கெட்டும் உயரத்தில் அலமாரிகளும், அவர்களே தூக்கக்கூடிய சிறு நாற்காலிகளும் அமைந்தன. கை கழுவுதல், தரை கூட்டுதல், உணவு பரிமாறுதல் ஆகியவற்றைக் குழந்தைகளே செய்தனர். ஒரு சிறுமி, மர உருளைகளை உரிய குழிகளில் பொருத்துவதில் தன்னை மறந்து ஆழ்ந்தாள். சுற்றிலும் பாடினும் ஆடினும் அவள் நிமிரவில்லை. இனிப்பும் பதக்கமும் அக்குழந்தைகளை ஈர்க்கவில்லை. செயலே அவர்கட்குப் பரிசாயிற்று. எழுதப் படிக்க அறியாத தாய்மார்கள், எம் பிள்ளைகட்கு எழுத்தறிவியுங்கள் என வேண்டினர். அம்மையார் உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தைகள் விரலால் தடவி, ஒலியைக் கூறிப் பழகினர். ஒருநாள், புகைபோக்கியைச் சுண்ணக்கட்டியால் வரைந்த சிறுவன் ஒருவன், அதன் பெயரையும் தானே தரையில் எழுதிக் களித்தான். அதனைக் கண்ட பிற குழந்தைகளும் எழுதத் தொடங்கினர்.

1908 டிசம்பரில் மெசினா நகரை நிலநடுக்கம் அழித்தது. பெற்றோரை இழந்த ஏறத்தாழ 60 குழந்தைகளுக்காக, ரோமில் பிரான்சிஸ்கு சபைக் கன்னியர் மடத்தில் இல்லம் ஒன்று அமைந்தது. உண்ணாமலும் உறங்காமலும் அழுதிருந்த அக்குழந்தைகள், கன்னியரின் அன்பிலும், மேசை அமைத்தல், பரிமாறுதல், தோட்ட வேலை முதலிய செயல்களிலும் மெல்ல மகிழ்ச்சியை மீண்டும் பெற்றனர். பின்னாளில் பார்சிலோனா நகரப் பள்ளியில், திருப்பலிக்குரிய அப்பத்திற்கும் இரசத்திற்குமாகக் கோதுமையையும் திராட்சையையும் குழந்தைகளே பயிரிட்டு வளர்த்தனர்.

1909இல் அம்மையாரின் நூல் வெளிவந்து பல நாடுகளிலும் பரவியது. முசோலினி அரசு முதலில் அவரை ஆதரித்தது. அவரும் அதனை ஏற்றார். ஆயின் பிஞ்சு நெஞ்சங்களைப் படைக்கு ஆளாக்க முயன்றபோது இணங்கவில்லை. 1934இல் தாயகத்தை விட்டு வெளியேறினார்.

1939இல் பிரம்மஞான சபையார் அழைக்க, மகன் மாரியோவுடன் சென்னை அடையாறு வந்தார். ஏறத்தாழ 300 பேர் அவரிடம் பயிற்சி பெற்றனர். அதே வட்டாரத்தில்தான், தீண்டாமைக் கொடுமையால் பள்ளி வாயில் அடைபட்டிருந்த நம் முன்னோர் பிள்ளைகளுக்காக, கர்னல் ஆல்காட் 1894இல் இலவசப் பள்ளியைத் தொடங்கியிருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது. 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசு மாரியோவைச் சிறைமுகாமில் வைத்தது. அம்மையாரின் 70ஆம் பிறந்த நாளை ஒட்டி மகன் விடுவிக்கப்பெற்றார். உலகறிய மகன் என்று அழைக்கவியலாதிருந்தவரை, அரசே அவர்தம் மகன் எனக் குறித்து விடுவித்தது. பின்னர்க் கொடைக்கானலிலும் குழந்தைகளுடன் வாழ்ந்து தம் கருத்துகளை வளர்த்தார். 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நெதர்லாந்து நாட்டில் மறைந்தார்.

இளைஞர்களே! கூலித் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்த அக்கல்விமுறை, இன்று நம் நகரங்களில் பெருங்கட்டணம் வாங்கும் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் விளங்குகிறது. எவர் பிள்ளைகளால் அதன் பெருமை விளங்கிற்றோ, அவர் போன்றோர் பிள்ளைகள் அதன் வாயிலுக்கு வெளியே நிற்கின்றனர். இதனை எண்ணி வருந்துவதோடு அமைதல் போதாது. உப்புத்தாளும் அட்டையும் வாங்கப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. புளியங்கொட்டையும் மணலும் நம் தெருவிலேயே உண்டு. வேண்டுவது மாலையில் ஒரு மணி நேரமும், குழந்தையால் இயலும் என்னும் நம்பிக்கையுமே.

நம் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லையெனில், ஏறும் படியை நாம் அமைக்கவில்லை என்பதே பொருள். அப்படியை அமைப்பதே நம் சங்கத்தின் அடுத்த கால் நூற்றாண்டுப் பணியாகுக!