அடுப்படியில் ரமணர்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிஃப்டை விட்டுவிட்டு மாடிப்படி ஏறிப் பாருங்கள். இப்போதெல்லாம் ஒரு புது வாசனை வருகிறது. பூண்டும் எலுமிச்சம்பழமும் கலந்த வாசனை. விசாரித்தால் மத்தியதரைக்கடல் சமையல் என்கிறார்கள். கொண்டைக்கடலையை வேகவைத்து எள் விழுதோடு அரைத்த ஹம்மஸ், வெள்ளரியும் தக்காளியும் நறுக்கிய சாலட், ஆலிவ் எண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய். வெளிநாட்டவர் வந்துபோகும் செங்கம் சாலைக் கடைகளில் சாப்பிட்டுப் பழகியதை இப்போது வீட்டிலேயே செய்து பார்க்கிறோம். டாக்டர் சொல்லி ஆரம்பித்தவர்களும் நம்மில் உண்டு.

நல்ல பழக்கம்தான். அமெரிக்க விஞ்ஞானி ஆன்சல் கீஸ் 1950-களில் தென் இத்தாலி மக்களின் சாப்பாட்டைக் கவனிக்க ஆரம்பித்தார். 1958-ல் ஏழு நாடுகளில் பெரிய ஆய்வு ஒன்றையும் தொடங்கினார். காய்கறி, பயறு, தானியம், பழம், கொஞ்சம் எண்ணெய் என்று எளிமையாகச் சாப்பிடுவது இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவ அவரே முக்கியக் காரணம். 2010-ல் யுனெஸ்கோ இந்த உணவுமுறையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அப்போது எண்ணெயையும் காய்கறியையும் பற்றி மட்டும் அது பேசவில்லை. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதுதான் இதன் அடித்தளம் என்றும் குறிப்பிட்டது.

அதைப் படித்தபோது எனக்கு நம் ஊரில் வாழ்ந்த ஒருவர்தான் நினைவுக்கு வந்தார். அவரை மௌனத்துக்காக உலகம் அறியும். அதிகாலையில் எழுந்து அரிவாள்மனையில் காய் நறுக்கியவர், ஆட்டுக்கல்லில் மாவும் துவையலும் அரைத்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ரமண மகரிஷியின் வாழ்க்கையை இந்த இதழில் அடுப்படி வழியாகப் பார்ப்போம்.

அவர் 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் வேங்கடராமன். தந்தை சுந்தரமய்யர், தாய் அழகம்மாள். 1892-ல் தந்தை இறந்தபின் மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். 1896 ஜூலையில், பதினாறு வயதில், திடீரென்று வந்த மரண பயம் அவரை உள்முகமாகத் திருப்பியது. ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்காகக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டு, திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார்.

கையில் இருந்த காசு ரயிலுக்கே சரியாகிவிட்டது. மாம்பழப்பட்டில் இறங்கி நடந்தார். கீழூர் வீரட்டேசுவரர் கோயிலில் பசியோடு பிரசாதம் கேட்டபோது கொடுக்க மறுத்துவிட்டார்கள். அங்கிருந்த மேளக்காரர் ஒருவர் தன் பங்குச் சோற்றைக் கொடுக்கச் சொன்னார். பிறகு முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் சாப்பாடு கிடைத்தது. காதுக் கடுக்கனை அவரிடம் அடகு வைத்து நான்கு ரூபாய் வாங்கிக்கொண்டார். புறப்படும்போது அந்த வீட்டில் பலகாரப் பொட்டலமும் கட்டிக் கொடுத்தார்கள்.

செப்டம்பர் 1 அன்று நம் ஊருக்கு வந்து அண்ணாமலையாரைத் தரிசித்தார். பிறகு அய்யங்குளக் கரைக்குப் போய், அந்தப் பலகாரப் பொட்டலத்தைத் தண்ணீரில் எறிந்துவிட்டார். உடம்பைப் பற்றிய அக்கறையையே அன்று விட்டுவிட்ட பையன் அவர். பின்னாளில் தரையில் சிந்திய கடுகைக்கூட வீணாக்க விடாத மனிதரும் இவர்தான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலில் ஆயிரங்கால் மண்டபத்திலும் பாதாள லிங்கத்திலும் தன்னை மறந்து உட்கார்ந்திருந்தார். வாயில் யாராவது ஊட்டினால்தான் சாப்பாடு என்ற நிலை. அம்மன் சன்னதியில் அபிஷேகமாகி வரும் பாலை ஒரு மௌன சுவாமி கொண்டுவந்து கொடுப்பார். அதில் மஞ்சளும் சர்க்கரையும் வாழைப்பழமும் கலந்திருக்கும். அதைக் குடித்தே சில வாரங்கள் போயின. பிறகு தாமே பிச்சைக்குப் போனார். முதன்முதலில் போனது அய்யங்குளத் தெரு. பேசமாட்டார் என்பதால் வீட்டு வாசலில் நின்று கையைத் தட்டுவார். கிடைத்ததைத் தெருவிலேயே சாப்பிட்டுவிட்டு நடப்பார். இன்று நாம் ஸ்கூட்டரில் போய் வரும் தெருக்களில் பலவும் அவருக்குச் சோறு போட்டவை.

1899-ல் மலைமேல் விருபாட்சி குகைக்குப் போனார். அங்கே பதினேழு ஆண்டுகள் இருந்தார். அங்கும் சமையல் கிடையாது. உடன் இருந்தவர்கள் ஊருக்குள் போய்ப் பிச்சை எடுத்து வருவார்கள். வந்ததை எல்லாம் ஒன்றாகக் கலந்து, இருப்பவர்கள் அத்தனை பேரும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். உப்பு இல்லாவிட்டால் உப்பில்லாமலே சாப்பிட்டார்கள். உப்பு வேண்டும் என்று கேட்டால் நாளைக்குப் பருப்பு வேண்டும் என்று தோன்றும் என்பது அவர் எண்ணம்.

அந்தக் காலத்தில் அவருக்கு உணவு கொடுத்தவர்களில் மூன்று பெண்களை மறக்கக் கூடாது. ஒருவர் எச்சம்மாள். மண்டகொளத்தூர்க்காரர். கணவரையும் பிள்ளைகளையும் அடுத்தடுத்து இழந்த துக்கத்தில் மலையேறி வந்தவர். பிறகு இந்த ஊரிலேயே தங்கி, தினமும் சமைத்துத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். 1945-ல் இறக்கும்வரை அந்த வேலையை விடவில்லை. இரண்டாமவர் முதலியார் பாட்டி. மூன்றாமவர் கீரைப் பாட்டி. மலையில் முளைத்துக் கிடக்கும் கீரையைப் பறித்து வந்து குகை நமசிவாயர் கோயிலில் சமைப்பார். ரமணரும் சில நாள் அவரோடு சேர்ந்து கீரை பறித்திருக்கிறார். துக்கத்தை ஆற்றிக்கொள்ள இந்தப் பெண்களுக்கு ஒரு அடுப்பும், சாப்பிட ஒரு ஆளும் போதுமாக இருந்திருக்கிறது.

1916-ல் தாய் அழகம்மாள் மகனோடு வாழ்வதற்கு நிரந்தரமாக வந்து சேர்ந்தார். அந்த ஆண்டே எல்லோரும் சற்று மேலே இருக்கும் கந்தாசிரமத்துக்கு மாறினார்கள். கோடையிலும் தண்ணீர் கிடைக்கும் இடம் அது. அம்மா வந்தபின் அடுப்பு பற்றியது. கிடைத்த பாத்திரத்தில், கிடைத்த அரிசியில் அவர் சமைத்துப் போட ஆரம்பித்தார். வீட்டை விட்டு வந்த மகன், இருபது வருடத்துக்குப் பிறகு மறுபடியும் அம்மா கையால் சாப்பிட்டார். ஆனால் தனியாக இல்லை. சுற்றி இருந்த அத்தனை பேரோடும்.

அம்மா ஆசாரம் மிகுந்தவர். வெங்காயத்தைத் தொடமாட்டார். மகன் அதை வைத்து அவரைச் சீண்டுவார். வெங்காயம் மோட்சத்துக்கே தடை, ஜாக்கிரதை என்பதுபோல் கேலி செய்து, ஆசாரம் வேறு பக்குவம் வேறு என்று சிரித்துக்கொண்டே புரியவைத்தார். ஒருமுறை அம்மா அப்பளம் இட உட்கார்ந்து மகனையும் உதவிக்குக் கூப்பிட்டார். அவர் அப்பளத்துக்குப் பதிலாக ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். அதுதான் அப்பளப் பாட்டு. உளுந்து, பிரண்டைச் சாறு, மிளகு, சீரகம், உப்பு, பெருங்காயம், உலக்கை, குழவி என்று அப்பளம் செய்யும் முறை முழுவதையும் வைத்தே ஆன்ம விசாரத்தை அதில் சொல்லியிருக்கிறார். அப்பளம் இடத் தெரியாதவர் எழுதியிருக்க முடியாத பாட்டு அது.

1922 மே 19 அன்று அழகம்மாள் காலமானார். மலையடிவாரத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். சில மாதங்களில் ரமணரும் இறங்கி வந்து அங்கேயே தங்கிவிட்டார். ஒரு கொட்டகையில் ஆரம்பித்ததுதான் இன்றைய ரமணாசிரமம். தம்பி நிரஞ்சனானந்தர் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார். ரமணர் சமையலறைக்குள் நுழைந்தார்.

விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே எழுந்து காய் நறுக்க உட்கார்ந்துவிடுவார். தேங்காய்த் துவையல் அரைத்து அரைத்து உள்ளங்கை கொப்பளித்த நாட்கள் உண்டு. சாந்தம்மாள், சம்பூர்ணம்மாள், சுப்புலட்சுமி அம்மாள் போன்ற பெண்கள் அவரிடம் சமையல் கற்றார்கள். அவர்களில் பலர் கணவரை இழந்தபின் இங்கே வந்தவர்கள். காயை மூடி வைத்து நிதானமாக வேகவைக்க வேண்டும். சொன்ன அளவும் சொன்ன நேரமும் மாறக்கூடாது. பாதி மனதோடு கரண்டி பிடிக்கக்கூடாது. இவைதான் அவர் சொல்லிக்கொடுத்த பாடம். ஓய்ந்த நேரத்தில் சாப்பிடுவதற்கான இலைகளையும் தைத்துக்கொண்டிருப்பார்.

வீணாக்குவதை மட்டும் அவர் பொறுக்கமாட்டார். தரையில் ஒரு அரிசி, ஒரு கடுகு கிடந்தாலும் எடுத்து வைப்பார். காய்த் தோல் மாட்டுக்குப் போகும். முந்தின நாள் மிஞ்சியது மறுநாள் காலைச் சாம்பாரில் சேரும். பழையதைத் தொடக்கூடாது என்ற ஆசாரத்துக்கு இது எதிரானது. சமையலறையில் முணுமுணுப்பும் இருந்தது. மிச்சத்தைப் பிச்சைக்காரர்களுக்குக் கொடுத்துவிடலாமே என்ற யோசனையையும் அவர் ஏற்கவில்லை. அவர்களுக்கும் மற்றவர்களுக்கு உள்ள அதே சாப்பாடுதான். மிஞ்சியதை நாம் சாப்பிடலாம் என்பது அவர் கட்சி. இன்றும் ஆசிரமத்தில் பகல் பந்திக்கு முன்பாக வெளியே சாதுக்களுக்கு உணவு கொடுக்கிறார்கள். அந்த வரிசையை நம்மில் பலர் வண்டியில் போகும்போது பார்த்திருப்போம்.

பந்தியில் அவருக்கு என்று தனியாக எதுவும் வைக்க முடியாது. ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தாலும் கண்டித்துவிடுவார். தமக்கென்று வந்த மருந்து டானிக்கைக்கூட எல்லோருக்கும் பங்கு போடச் சொல்வார். எல்லோருக்கும் கொடுக்க முடியாதது தமக்கும் வேண்டாம் என்பதே கணக்கு. நாய், குரங்கு, மயில் எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. 1926-ல் கன்றாக வந்து 1948-ல் இறந்த பசு லட்சுமிக்கு, ஆசிரமத்துக்குள்ளேயே சமாதி இருக்கிறது.

இதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கால வழக்கப்படி ஆசிரமச் சாப்பாட்டு அறையில் ஆசாரம் பார்க்கும் பிராமணர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்று பிரிவு இருந்தது. சமைப்பவர்களும் பிராமணர்களாகவே இருந்தார்கள். ரமணர் அந்தப் பிரிவை இடிக்கவில்லை. இரு பக்கமும் பார்க்கும்படியான இடத்தில் உட்கார்ந்து, இரு பக்கமும் பரிமாறிய அதே சாப்பாட்டைச் சாப்பிட்டார். அது போதுமா என்று இன்று நாம் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். நம் குடியிருப்பில் வேலை செய்யும் அக்காமார்களுக்கு எந்தத் தட்டில், எந்த இடத்தில், என்ன சாப்பாடு கொடுக்கிறோம் என்பதையும் அதோடு சேர்த்துக் கேட்டுக்கொள்வோம்.

கூட்டம் பெருகப் பெருக அவர் சமையலறைக்கு வருவது குறைந்தது, பிறகு நின்றது. தரிசனத்துக்கு வருபவர்கள் நாள் முழுவதும் காத்திருந்தார்கள். 1949-ல் இடக்கையில் வந்த கட்டி புற்று என்று தெரிந்தது. அறுவை சிகிச்சைகள் பலன் தரவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு அவர் உயிர் பிரிந்தது. அந்த 1950-ம் ஆண்டில்தான் இங்கிலாந்தில் எலிசபெத் டேவிட் எழுதிய மத்தியதரைக்கடல் உணவு பற்றிய புத்தகம் வெளியானது. போருக்குப் பிந்தைய ரேஷன் காலத்தில், பூண்டும் ஆலிவும் எலுமிச்சையும் என்று அவர் எழுதியது மேலை நாட்டு வீட்டுச் சமையலையே மாற்றியது.

அவர்கள் ஊரில் ஆலிவ் எண்ணெய் என்றால் நம் ஊரில் செக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும். கொண்டைக்கடலை இரண்டு இடத்துக்கும் பொது. ரொட்டிக்குப் பதில் ஜவ்வாது மலைச் சாமை நம் சந்தையிலேயே கிடைக்கிறது. கீரைக்கும் பஞ்சமில்லை. ஹம்மஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; என் பேத்தி செய்யும் ஹம்மஸுக்கு நானும் ரசிகன்தான். ஆனால் செய்து முடித்ததும் ஒருவர் டிவி முன்னால், ஒருவர் லேப்டாப் முன்னால், சமைத்தவர் கடைசியில் அடுப்படியில் நின்றபடி என்று சாப்பிட்டால், ஆலிவ் எண்ணெய்க்குக் கொடுத்த காசுதான் மிச்சம்.

வாரத்தில் ஒரு இரவாவது இப்படிச் செய்து பார்க்கலாம். காய் நறுக்க வீட்டில் எல்லோரும் உட்காருவது. எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே நேரம். சமைத்தவரும் கூடவே உட்காருவது. மிஞ்சியதை மறுநாள் காலைக்கு எடுத்து வைப்பது. நம் குப்பைத் தொட்டியில் ஈரக் கழிவு எவ்வளவு சேர்கிறது என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறோம். அந்தப் பிரச்சினையில் பாதியாவது இந்தப் பந்தியிலேயே தீர்ந்துவிடும்.