அடிமைக் கப்பல் தலைவர் பாதிரியார் ஆனார்!

ஆப்பிரிக்காவிலே மனிதர்களை விலைக்கு வாங்கி, கடல் கடந்து கொண்டுபோய் விற்றவர் ஜான் நியூட்டன். அந்த வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்டவரும் அவரேதான்!

1725-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். தகப்பனார் கப்பல் தலைவர். ஆறு வயதில் தாயை இழந்த நியூட்டன், பதினோராவது வயதில் கடலுக்குப் போனார். வாலிபத்தில் முரடர். கடற்படையிலிருந்து ஓடி, பிடிபட்டு, கசையடியும் பட்டார்.

1748-ல் அட்லாண்டிக் கடலில், அவர் ஏறி வந்த கப்பல் புயலில் சிக்கியது. கடவுளைக் கேலி செய்த வாய், அன்று கடவுளைக் கூப்பிட்டது. பிழைத்தார்; பக்திமான் ஆனார்.

திருந்திவிட்டார் என்றுதானே நினைப்பீர்கள்? அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களின் தலைவரானார்! தலைவராக மூன்று பயணங்கள். ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி ஜெபம் நடத்துவார். கீழ்த் தளத்திலே விலங்கு பூட்டிய கறுப்பு மக்கள் நெருக்கியடித்துக் கிடப்பார்கள். இது பாவம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அன்று அது கௌரவமான தொழில்! 1754-ல் அதை விட்டதுகூட மனம் மாறியதால் அல்ல. திடீரென்று நோய் கண்டு விழுந்ததால்தான்.

1764-ல் பாதிரியார் ஆனார். உருக்கமான கீர்த்தனைகள் இயற்றினார். அடிமை வியாபாரத்தை எதிர்த்து மட்டும் ஊரறியப் பேசவில்லை.

1785 டிசம்பரில், வில்பர்போர்ஸ் என்ற 26 வயது பார்லிமெண்ட் அங்கத்தினர் அவரை ரகசியமாகத் தேடி வந்தார். கதவைத் தட்டத் துணிவில்லாமல் தெருவைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பக்தி வந்தபின் அரசியல் எதற்கு என்பது அவருடைய குழப்பம். வேறு பாதிரியாராக இருந்தால் பதவியை விடச் சொல்லியிருப்பாரோ, என்னவோ! நியூட்டன், பார்லிமெண்டிலேயே இருக்கும்படி யோசனை கூறினார். இரண்டு ஆண்டுகளில் வில்பர்போர்ஸ் அடிமை வியாபார ஒழிப்பைக் கையில் எடுத்தார்.

1788-ல் நியூட்டனும் மௌனம் கலைத்தார். தாம் செய்ததையும் கண்டதையும் மறைக்காமல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். பார்லிமெண்ட் விசாரணையிலும் சாட்சி சொன்னார். கேள்விப்பட்டதைச் சொல்பவர் அல்லவே அவர்! அந்தச் சாட்சியத்தைத் தள்ளிவிட வியாபாரிகளால் முடியவில்லை.

1807 மார்ச் 25-ந் தேதி அடிமை வியாபாரத் தடைச் சட்டம் நிறைவேறியது. பார்வை மங்கிப்போன நியூட்டன் அதைக் கேட்டறிந்தார். டிசம்பர் 21-ந் தேதி, 82-வது வயதில் காலமானார்.

சட்டம் கப்பல்களைத்தான் நிறுத்தியது. முதல் பயணத்தில் அவர் ஆண்டிகுவா தீவில் விற்றவர்களின் வாரிசுகளுக்கு விலங்கு கழன்றது, 1834-ல்.