குருகுகன் அருள்பெற்ற முத்துசுவாமி தீட்சிதர்

கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டம் தோன்றிய காலந்தொட்டு, உழைக்கவந்த தமிழர் தம்முடன் முருக வழிபாட்டையும் இசையையும் கொணர்ந்தனர். அவ்விரண்டையும் ஒன்றெனக் கண்டவர் சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர். கர்நாடக இசை மேடையில் இன்று இன்றியமையாததாகிவிட்ட வயலின் வெள்ளையர் கருவி. அதனை நம் இசைக்கு இசைவித்தவர்களில் முதன்மையானவர் அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதரே.

ஹம்ஸத்வனி இராகத்தைத் தந்த இராமசுவாமி தீட்சிதருக்கு, வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமாரசுவாமியின் திருவருளால் திருவாரூரில் பிறந்த தலைமகன் இவர். பின்னர்ச் சென்னையை அடுத்த மணலியில் செல்வர் ஒருவரின் ஆதரவில் குடும்பம் வாழ்ந்தது. சிதம்பரநாத யோகியாருடன் காசிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கிய முத்துசுவாமியார் வடநாட்டு இசையை நெருங்கிக் கேட்டார். அவருடைய கீர்த்தனைகளின் நிதான நடையில் அதன் சாயலைக் காணலாம். திரும்பியபின் திருத்தணிகையில் முதியவர் வடிவில் வந்த முருகன் கற்கண்டு ஊட்ட, முதற் கீர்த்தனை பிறந்தது என்பர். குருகுகன் என்பதே அவர் முத்திரையாயிற்று.

மணலிப் புரவலரின் மைந்தர் சின்னையா முதலியார், தீட்சிதர் சகோதரர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று கும்பினியாரின் பாண்டு இசையைக் கேட்கச் செய்தார். ஆசாரம் மிக்க ஸ்ரீவித்யா உபாசகர் அதனை அந்நியமென்று ஒதுக்கவில்லை. மெட்டுகளை அவ்வண்ணமே வைத்துக்கொண்டு, சங்கராபரண இராகத்தில் வடமொழிப் பாடல்களை அமைத்தார். ஏறத்தாழ நாற்பது உள்ள அவை நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப்படும். இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் மெட்டு, அவர் வாக்கில் சியாமளாம்பிகையின் துதியாயிற்று! சிறுவர் பாடல்கள் என்று இவற்றைத் தள்ளுவோர் உண்டு, அது பொருந்தாது. எதனை ஏற்பது, எவ்வளவு ஏற்பது என அறிந்தவர் அவர். மேனாட்டு மெட்டுகளைத் தனியே வைத்தாரேயன்றித் தம் பெருங்கீர்த்தனைகளில் கலக்கவில்லை.

மாணவரிடத்தும் அவர் குலம் பார்க்கவில்லை. திருவாரூர்க் கோயிலில் சுத்தமத்தளம் வாசித்த தம்பியப்பனின் வயிற்றுநோய் தீரக் குருபகவான் மீது பாடிக் கொடுத்தார் என்பது வழிவழிச் செய்தி. பரதநாட்டியக் கச்சேரி முறையை வகுத்த தஞ்சை நால்வரும் அவர் சீடரே. அவர்களுள் வடிவேலு வயலின் மேதை. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் அவருக்குத் தந்த வயலின் தந்தத்தாலானது.

1835-ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில், தம்பி ஆஸ்தான வித்துவானாக விளங்கிய எட்டயபுரத்தில் தீட்சிதர் இறைவனடி சேர்ந்தார். அவர் கீர்த்தனைகள் குடும்பத்தாரும் சீடரும் காத்த வாய்மொழிச் செல்வமாகவே நெடுங்காலம் இருந்தன. அவை அழியுமுன் அச்சேற வேண்டுமெனப் பெரிதும் முயன்று அவர் வழித்தோன்றலாகிய சுப்பராம தீட்சிதரை இசையச் செய்தவர், கிறிஸ்தவரான சின்னசாமி முதலியார். 1904-இல் எட்டயபுரத்திலிருந்து சங்கீத சம்பிரதாய பிரதர்சினி வெளிவந்தது.