சீகன்பால்கு ஐயர்: தமிழரிடம் பாடங் கேட்ட ஜெர்மானியர்

தமிழ்நாட்டிற்கு மேல்நாடுகளினின்றும் வந்தோர் பலர். வாணிகங் கருதி வந்தோரும், நாடாள விழைந்து வந்தோரும், சமயம் பரப்ப வந்தோரும் எனப் பல திறத்தினர் அவர். அவருட் பெரும்பாலோர் நமக்குக் கற்பிக்க வந்தனர். நம்மிடங் கற்க வந்தோர் சிலரே. கற்பிக்க வந்து, வந்தவிடத்தே மாணாக்கராய் அமர்ந்தோர் அச்சிலரினுஞ் சிலர். அத்தகையோருள் ஒருவராகிய பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கி வரைய முற்படுகின்றோம். அவர்தம் சமயத் தொண்டினைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். ஆதலின், ஜெர்மானியராகிய அவர் தமிழரின் அன்றாட வாழ்க்கையை எவ்வாறு அறிந்தார் என்பதனையும், அவ்வறிவு அவரை எங்ஙனம் மாற்றியது என்பதனையுமே யாம் சிறப்பாக நோக்குவோம்.

ஜெர்மனியில் சாக்சனி நாட்டுப் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682 ஆம் ஆண்டு அவர் பிறந்தார். இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். உடல் நலமோ என்றும் அவருக்கு வாய்த்ததில்லை. கல்வியில் வேட்கை மிக்கு, ஹாலே நகரில் அகஸ்து ஹெர்மன் பிராங்கே என்னும் பேராசிரியரை அடுத்துப் பயின்றார். அந்நாளில் டென்மார்க்கு அரசர் நான்காம் பிரெடெரிக்கு, தம் குடைக்கீழிருந்த தரங்கம்பாடிக்குச் சமயத் தொண்டரை அனுப்ப விரும்பினார். அப்பணிக்கு ஜெர்மானியராகிய சீகன்பால்கும், அவருடன் புளுட்சோ என்பாரும் தெரிந்தெடுக்கப்பட்டனர். 1705 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கோப்பன்ஹேகனில் மரக்கலமேறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, ஏழு திங்களுக்கு மேல் கடலிற் கழித்து, 1706 ஆம் ஆண்டு ஜூலை 9 ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையை அடைந்தனர். ஐயருக்கு அப்பொழுது வயது இருபத்து நான்கு அளவினதே. நம் கல்லூரி மாணவர் பலரினும் சில ஆண்டுகளே மூத்தவர்.

தரங்கம்பாடி 1620 ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து டேனியர் பெற்ற துறைமுகம். டான்ஸ்பர்க்குக் கோட்டை அவர்கள் கட்டியதே. அரசர் அனுப்பிய தொண்டரை அங்கிருந்த டேனிய அதிகாரிகள் முகமலர்ந்து ஏற்றாரல்லர். வாணிகத்திற்கு இடையூறாவர் என்னும் ஐயம் அவர்களுக்கு இருந்தது. மொழியோ பெருந்தடையாய் நின்றது. ஐரோப்பியர் இங்குள்ளாரோடு உரையாடுதற்குப் போர்ச்சுக்கேய மொழியே அந்நாளில் வழங்கிற்று. டேனியர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் தரங்கம்பாடியில் வாழ்ந்திருந்தும், தமிழைக் கற்க வேண்டிய தேவை அவர்களுக்குத் தோன்றியதாய்த் தெரியவில்லை. விலை பேசுதற்குத் துபாஷி ஒருவர் போதுமன்றோ!

ஐயர் செய்த முதற் செயல் இவ்விடத்தே நாம் ஊன்றி நோக்கற்பாலது. திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் மனைக்கு அழைத்து, அவர்தம் சிறார்களோடு அங்கேயே பள்ளி நடத்துமாறு வேண்டினார். சிறுவர் தரையில் அமர்ந்து மணலில் விரலால் அகரம் எழுத, அவர்களருகே அவரும் அமர்ந்து அவ்வாறே எழுதினார். பல்கலைக்கழகம் பயின்று, குருப்பட்டம் பெற்று, அரசாணையோடு வந்த ஐரோப்பியர் ஒருவர் ஐந்து வயதுச் சிறுவரோடு ஒத்து அமர்ந்த அக்காட்சி ஊராருக்கு நகையையும் வியப்பையும் ஒருங்கே விளைத்திருக்கும். எழுத்து வசமாயிற்று, ஆயினும் சிறுவர் ஓதுவதன் பொருள் விளங்கவில்லை. எனவே, கும்பினியாரிடம் மொழிபெயர்ப்பாளராயிருந்தவரும், ஐரோப்பிய மொழிகள் சில அறிந்தவருமாகிய அழகப்பன் என்பாரைத் துணைக்கொண்டார்.

அதன்பின் அவர் கற்ற முறை தமிழ் மாணவராகிய நமக்கு நாணந் தருவதொன்று. காலையில் முன்னாளிற் கற்ற சொற்களை உருவேற்றுவார். பின்னர் நண்பகல் வரை, புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருக்கத் தமிழ்ச் சுவடிகளைப் படிப்பார். அருஞ்சொல் தோன்றுமிடத்து அதனை எழுத்தர் குறித்துக்கொள்வார். உண்ணும்போதும் ஒருவர் நூல் படிக்கக் கேட்பார். மாலையிலும் படிப்பே. இரவில் கண்ணுக்கு ஓய்வளிக்கப் பிறரைப் படிக்கச் செய்து செவியாற் கற்பார். சுவடிகளைத் தேடித் தம் எழுத்தரை உள்நாட்டூர்களுக்கு அனுப்பி, கற்றோர் மனைகளில் கணவரை இழந்த பெண்டிரிடம் பயனின்றிக் கிடந்த ஏடுகளை விலைக்கு வாங்கச் செய்தார். இவ்வாறு திரட்டிய நூறுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு, ஒவ்வொன்றின் பொருளையும் குறித்து, 1708 ஆம் ஆண்டில் ஓர் அட்டவணை வகுத்தார். தொல்காப்பியமும் திருக்குறளும் அவ்வட்டவணையில் இடம்பெற்றுள்ளன. அவ்வாண்டிலேயே கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா என்னும் மூன்றனையும் ஜெர்மன் மொழியிற் பெயர்த்தார். நம் சிற்றூர்ப் பிள்ளைகள் ஓதிய நீதிநூல்கள் இங்ஙனம் ஹாலே நகரைச் சென்றடைந்தன.

ஐயர் குற்றமேயில்லாதவர் என்று கூறுதல் எம் கருத்தன்று. வந்த முதலாண்டுகளில், வழியிலிருந்த ஒரு கோயிலின்கண் நின்ற சுதைப் பாவைகள் சிலவற்றின் தலைகளை அவர் உடைத்தார். அஃது அவரே எழுதி வைத்த செய்தி. அருகே நின்ற தமிழ் ஆசிரியர் ஒருவர் சினந்து கைந்நீட்டினாரல்லர்; இவை தெய்வங்களல்ல, தெய்வத்தின் காவற் படையினரே என்று அமைதியாய் எடுத்துரைத்தார். உடைத்தவர் தாம் உடைத்தது யாதென்றே அறியாதிருந்தார் என்பது அதனாற் புலனாயிற்று. அந்நிகழ்ச்சி ஒன்றே அவரை மாற்றியதென யாம் துணிந்து கூறோம். எனினும் பின்னாளில் அவர் நடையில் ஒரு வேறுபாடு தெளிவாய்த் தோன்றுகின்றது. தமிழர் கல்வியும் ஒழுங்குமற்ற மக்கள் என்னும் எண்ணத்தோடே தாமும் பிற ஐரோப்பியரைப் போல வந்ததாகவும், அவர்தம் நூல்களைக் கற்று அவரோடு பழகியபின் அவ்வெண்ணம் பிழையென உணர்ந்ததாகவும் அவர் தம் நாட்டாருக்கு வெளிப்படையாய் எழுதினார்.

இதற்கிடையே 1708 ஆம் ஆண்டு நவம்பரில், டேனிய ஆளுநர் ஹாசியஸ் என்பாரோடு உண்டான பிணக்கினால், ஐயர் டான்ஸ்பர்க்குக் கோட்டையில் நான்கு திங்கள் சிறை வைக்கப்பட்டார். ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் வழக்கிற் பரிந்து பேசியதே அப்பிணக்கிற்கு வித்தாயிற்று. விடுதலை பெற்றபின் 1709 ஆம் ஆண்டில் தஞ்சை நாட்டினுட் செல்ல முயன்று, இயலாது திரும்பினார். கடற்கரைத் துண்டு நிலத்தைக் கடந்து உள்நாட்டை நேரே காண்பது அவருக்கு அரிதாயிற்று. கால் செல்லா இடத்திற்கு மடல் செல்லுமன்றோ? அவ்வழியையே அவர் பின்பற்றினார்.

அவரும், அவருக்குத் துணையாய் வந்த கிரண்ட்லர் என்பாரும், கற்றறிந்த தமிழர் பலருக்கு வினாக்களை எழுதி விடுத்தனர். கடவுள், வினை, மறுமை என்பன மட்டுமல்ல. திருமணம், பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், காலக் கணக்கு, அரசு முறை எனத் தமிழர் வாழ்வின் பல துறைகளும் அவ்வினாக்களுள் அடங்கின. எம்மை நீவிர் ஏன் வெறுக்கின்றீர் என்பதும் ஒரு வினா. அதற்கு வந்த விடைகள் முகமன் அறியாதவை. ஐரோப்பியர் பசுவைக் கொன்று தின்கின்றனர். கள்ளுஞ் சாராயமும் மிகுதியாய் அருந்துகின்றனர். உடலைத் தூய்மை செய்யும் நெறி அறியார். இத்தகையோர் உரைக்கும் வேதத்தை யாவர் மதிப்பர் என்பது அவற்றின் சாரம். ஐரோப்பியர் நம்மைப் பற்றி எழுதிய நூல்கள் பல உள; நம்மவர் ஐரோப்பியரை எங்ஙனம் கண்டனர் என்பதை அக்காலத்தே நம்மவர் வாயாலேயே கூறுவன மிகச் சில. வினாவியவர் அவ்விடைகளை மறைத்தாரல்லர். ஜெர்மன் மொழியிற் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார். அவை 1714 ஆம் ஆண்டில் ஐம்பத்தைந்தும், 1717 ஆம் ஆண்டில் நாற்பத்து நான்குமாகத் தொண்ணூற்றொன்பது மடல்கள் அச்சேறின.

அம்மடல்களின் தமிழ் மூலங்கள் இன்று நமக்குக் கிடைத்தில. முந்நூறாண்டுகட்கு முன் வாழ்ந்த நம் முன்னோர் தம் மனையையும் மக்களையும் குறித்துத் தமிழில் எழுதிய சொற்களை நாம் இன்று அறிய விரும்பின், ஜெர்மன் மொழியின் வாயிலாகவே அறிதல் வேண்டும்! தமிழ் கற்பார்க்கு இதனினும் வருந்தத்தக்க செய்தி யாது? வினாவியவர் ஒருவர் இருந்தமையின் விடை எஞ்சியது. அவ்விடையைப் போற்றிக் காப்பார் இங்கே இன்மையின் மூலம் அழிந்தது.

ஐயர் தாம் அறிந்தவற்றை இரண்டு பெருநூல்களாகத் தொகுத்தார். தமிழரின் சமயத்தையும் உலகியலையும் விரித்துரைக்கும் நூலை 1711 ஆம் ஆண்டிலும், தென்னாட்டுத் தெய்வங்களின் மரபை வகுத்துரைக்கும் நூலை 1713 ஆம் ஆண்டிலும் முடித்தார். சாத்திரம் கூறும் பெருந்தெய்வங்களோடு அமையாது, ஐயனார், மாரியம்மன் முதலிய சிற்றூர்த் தெய்வங்களையும் அவர் விடாது எழுதினார். ஆனால் ஹாலேயில் அவர்தம் ஆசான் பிராங்கே அதனை விரும்பவில்லை. பிறசமயத்தை அழிக்க அனுப்பப்பட்டவர் அதன் கதைகளை ஐரோப்பாவிற் பரப்புவதா என்பது அவர் எண்ணம். பின்னது 1867 ஆம் ஆண்டில் சென்னையிலும், முன்னது 1926 ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமிலுமே அச்சுக் கண்டன. இருநூறு ஆண்டுகள் ஒரு நூல் இருளிற் கிடந்தது. தமிழர் அவரை ஐயுற்றனர், பிறநாட்டார் என்று. தம் நாட்டார் அவரை ஐயுற்றனர், தமிழரை மிகுதியும் அறிந்தார் என்று.

அவருடைய ஏனைய பணிகளைச் சுருங்கக் கூறுவோம். புதிய ஏற்பாட்டை 1711 ஆம் ஆண்டில் தமிழாக்கி முடித்தார். தமிழ் அச்சுக் கலை 1578 ஆம் ஆண்டு முதலே போர்ச்சுக்கேயரால் தொடங்கப்பெற்றதாயினும், இடையே தளர்ந்து கிடந்தது. ஹாலேயில் வார்த்த தமிழெழுத்துக்கள் தரங்கம்பாடிக்கு வந்து சேர, 1715 ஆம் ஆண்டில் அம்மொழிபெயர்ப்பு முழுதும் அச்சேறிற்று. அவ்வெழுத்துக்கள் உருவிற் பெரியனவாய்க் காகிதத்தை மிகுதியும் விழுங்கின. எனவே, இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கித் தரங்கம்பாடியிலேயே சிற்றெழுத்துக்கள் வார்த்தனர். 1714 ஆம் ஆண்டில் ஐயர் மலையப்பன் என்னும் தமிழ் இளைஞனோடு ஐரோப்பா சென்றார். முன்னர் ஜெர்மானியர் தமிழர் மனையைக் கண்டு வியந்தாராக, இப்போது ஒரு தமிழர் ஜெர்மானியர் மனையைக் காணும் முறை வந்தது. இலத்தீன் மொழியில் ஐயர் இயற்றிய தமிழிலக்கணம் 1716 ஆம் ஆண்டில் ஹாலேயில் வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே மரியா டொரொத்தேயா என்னும் மாதரசியாரை மணந்து மீண்டும் தரங்கம்பாடி வந்தார். கோப்பன்ஹேகனிலிருந்த மேலாளரின் கடுமொழிகள் அவர்தம் இறுதியாண்டுகளை வருத்தின. 1718 ஆம் ஆண்டில் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்து, 1719 ஆம் ஆண்டு பிப்ரவரி 23 ஆம் நாள் முப்பத்தாறாம் வயதில் உயிர் நீத்து, அவ்வாலயத்தினுள்ளேயே அடக்கஞ் செய்யப்பெற்றார்.

தரங்கம்பாடிக்கு அணித்தாகிய தில்லையாடியில் 1711 ஆம் ஆண்டிற் பிறந்தவர் இராமநாடகம் பாடிய அருணாசலக் கவிராயர். அவர்தம் மைந்தர் அம்பலவாணக் கவிராயர், கொல்லிமலையில் எழுந்தருளிய அறப்பளீசுரர் மீது ஒரு சதகம் பாடி, அதனுள் மக்களின் அன்றாட ஒழுக்கங்களையெல்லாம் தொகுத்து வைத்தார். சோழநாட்டுக் கடற்கரைப் புலவர் ஒருவர்க்குக் கொல்லிமலை அத்துணை அண்மையில் இருந்தது. நமக்கோ? எழுபது கொண்டையூசி வளைவுகளையும் வண்டியிற் கடந்து, ஆகாயகங்கை அருவியிற் குளித்து, வல்வில் ஓரியின் சிலையருகே நின்று படம் பிடித்துக்கொண்டு, அன்று மாலையே மலையிறங்கி விடுகின்றோம். அங்கே சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவிக்கும் மலையாளி மக்கள், தமிழே பேசுவோர், தம் விதைகளை எங்ஙனம் காக்கின்றனர், எந்நோய்க்கு எப்பச்சிலை கொள்கின்றனர், கீழ்நாட்டினின்று வரும் நம்மைப் பற்றி யாது எண்ணுகின்றனர் என வினவுவார் நம்முள் எத்துணையர்? ஏழு திங்கள் கடல் கடந்து வந்தார் ஒருவர் வினவினார். ஒரு பகற்பொழுதில் மலையேறும் நாம் வினவுவதில்லை.

ஐயர் வினவியது தம் சமயத்தைப் பரப்பும் நோக்கத்தோடே என்பதனை யாம் மறைக்கவில்லை. ஆயினும் வந்த விடை தமக்குக் கசந்தபோதும் அதனைக் குறையாது எழுதி வைத்த நேர்மை நோக்கத்தினும் பெரிது. பிறர் வாழ்வை அறிதற்கு அவர் கண்ட வழி எளியது: அவர் மொழியைக் கற்றல், அவர் தரையில் அமர்தல், வினவுதல், விடையைத் திருத்தாது ஏற்றல். தமிழ் கற்கும் நாம் ஏட்டிலுள்ள தமிழோடு, நம் அயலார் நாவிலுள்ள தமிழையும் இவ்வழியே கேட்டெழுதி வைப்போமாக. இன்னும் முந்நூறாண்டு கழித்து நம் பெயரர், நம் காலத்துச் சொற்களைப் பிறநாட்டார் ஏடுகளிற் சென்று தேடும் நிலை வாராதிருத்தல் வேண்டும்.